நலத்தை நாடிய மருத்துவர் – சர் ராபர்ட் மெக்காரிசன்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்

நோய் வந்தபின் மருத்துவரை நாடுவது உலக வழக்கம். ஆனால் நோயற்ற மக்களை நாடிச் சென்று, அவர்கள் எதனால் நலமாக வாழ்கிறார்கள் என்று ஆராய்ந்த மருத்துவர் ஒருவர் இருந்தார். அவர் தம் வாழ்நாளின் சிறந்த பகுதியை நமது குன்னூரில் கழித்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. சென்ற ஆண்டு வரை எனக்கும் தெரியாது. அவரை நான் அறிந்துகொள்ளக் காரணமாக இருந்தவர் எங்கள் ஆச்சி.

பத்மநாபபுரம் கோட்டைக்குள் எங்கள் வீடு. ஆச்சி என் அம்மையின் அம்மை. வீட்டுக் கணக்கின்படி வயது தொண்ணூற்றிரண்டு. சென்ற மழைக்காலத்தில் அவர் அடிக்கடி உறங்குவதையும், குளிர்கிறது என்று போர்த்திக்கொள்வதையும் கண்டு இரத்தப் பரிசோதனை செய்தோம். டி.எஸ்.எச். என்னும் அளவு அச்சிட்ட எல்லையைச் சற்றே தாண்டியிருந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா கொத்து வேலை செய்பவர். ஆகவே அந்தத் தாள் என் கைக்கு வந்தது. பாடப்புத்தகத்தை நம்பி, இது தைராய்டு குறைவு நோய், ஆயுள் முழுதும் மாத்திரை வேண்டும் என்று பெருமையோடு தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அம்மை அழுதாள். மாமா அப்போதே மாத்திரை வாங்கத் தக்கலைக்குப் புறப்பட்டார். நல்ல வேளையாக, முதலில் மருத்துவரைப் பார்ப்போம் என்று அப்பா தடுத்தார்.

மருத்துவர் தாளை ஒரு முறையும் ஆச்சியைப் பல முறையும் பார்த்தார். தைராக்சின் அளவு சரியாக இருக்கிறது, இந்த வயதில் டி.எஸ்.எச். சற்று உயர்வது இயல்பு, மாத்திரை வேண்டாம், சில மாதம் கழித்து மீண்டும் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். நான் வெட்கித் தலைகுனிந்தேன். அந்த வெட்கத்தோடு கல்லூரி நூலகத்தில் தைராய்டு பற்றித் தேடியபோது கிடைத்தவரே சர் ராபர்ட் மெக்காரிசன்.

இளமையும் இந்தியப் பயணமும்

மெக்காரிசன் 1878-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் நாள் வட அயர்லாந்தின் போர்ட்டடவுன் என்னும் ஊரில் பிறந்தார். பெல்பாஸ்ட் நகரில் மருத்துவம் பயின்று 1900-இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டே இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, தமது இருபத்து மூன்றாம் பிறந்த நாளன்று கப்பலேறினார். வடமேற்கு எல்லையிலுள்ள சித்ராலில் படை மருத்துவராகப் பணிபுரிந்தபோது, அங்கு பரவிய மூன்று நாள் காய்ச்சல் மணல் ஈயினால் வருவது என்று கண்டார். 1904-இல் கில்கிட் பகுதிக்கு மாற்றப்பட்டார். அங்கேதான் அவருடைய வாழ்வின் இரு கேள்விகளும் பிறந்தன.

கழுத்தில் ஒரு கேள்வி

கில்கிட்டில் ஏராளமானோர் முன்கழுத்துக் கழலையோடு திரிந்தனர். கழுத்தின் முன்புறம் வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்த தைராய்டு சுரப்பி வீங்குவதே அந்நோய். ஒரே நீரோட்டத்தின் கரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்த ஊர்களை அவர் கணக்கெடுத்தார். மேலேயுள்ள ஊரின் அழுக்கு கீழேயுள்ள ஊரின் குடிநீரில் கலந்தது. கீழே செல்லச் செல்லக் கழலையும் மிகுந்தது. அந்த நீரின் கசண்டை வடித்தெடுத்துத் தொண்டர்களுக்குக் கொடுத்ததோடு, தாமும் குடித்தார்! சிலருக்குக் கழுத்து வீங்கியது. கொதிக்க வைத்த கசண்டைக் குடித்தவர்களுக்கு வீங்கவில்லை. ஆகவே கிருமியே காரணம் என்று முடிவு செய்தார்.

அந்த முடிவு முழு உண்மையன்று. மலைநாட்டு மண்ணிலும் நீரிலும் அயோடின் குறைந்திருப்பதே கழலையின் மூலகாரணம். அசுத்தம் அதை மிகுவிக்கக் கூடும் என்பதே பின்னர்த் தெளிந்த உண்மை. நம் நாட்டில் டாக்டர் வி. இராமலிங்கசுவாமி குழுவினர் 1956-இல் காங்க்ரா பள்ளத்தாக்கில் அயோடின் கலந்த உப்பை வழங்கத் தொடங்கி, கழலை குறைவதை நிலைநாட்டினர். ஆயினும் மெக்காரிசனின் உழைப்பு வீண்போகவில்லை. 1917-இல் அவர் தைராய்டு பற்றி வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே நோய்க்கு முன்னால் நலம் இடம்பெற்றது.

குன்னூர் தந்த விடை

இரண்டாவது கேள்வி ஹன்சா மக்களைப் பற்றியது. கில்கிட்டிற்கு அருகே மலை நடுவில் வாழ்ந்த அவர்கள் கோதுமை, காய்கறி, பால், வாதுமைப் பழம் ஆகியவற்றை உண்டு, கட்டான உடலோடு நெடுங்காலம் வாழ்ந்ததாக அவர் கண்டார். இவர்களுடைய நலத்திற்கு உணவுதான் காரணமா? வியந்ததோடு நில்லாமல் சோதித்துப் பார்க்க விரும்பினார்.

அதற்கான இடமாக அமைந்தது நீலகிரி. 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஓர் அறையில் பெரிபெரி நோய் ஆராய்ச்சியைத் தொடங்கினார். தீட்டிய அரிசியை மட்டும் தின்ற புறாக்களின் உள்ளுறுப்புகளை எடுத்து நிறுத்துப் பார்த்தார். தைமஸ் சுரப்பி சுருங்கியது. அட்ரினல் சுரப்பி பருத்தது. உணவுக் குறை நாவோடு நிற்பதில்லை. சுரப்பிகள் வரை சென்று தாக்குகிறது என்று அறிந்தார்.

இடையே சிக்கன நடவடிக்கை என்று அரசு 1923-இல் ஆராய்ச்சியை நிறுத்தியது. இரண்டாண்டு கழித்து மீண்டும் தொடங்கினார். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி கொண்ட சீக்கியர் உணவை உண்டவை முதலிடம் பெற்றன. கடைசி இடம் எதற்குத் தெரியுமா? தீட்டிய அரிசியை மிகுதியாகக் கொண்ட சென்னை மாகாணத்து உணவிற்கே! பின்னர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைச் சீக்கியர் உணவிலேயே வளர்த்தார். மனிதரின் ஐம்பது வயதுக்கு ஒப்பான பருவம் வரை அவற்றிடையே நோய் ஏறத்தாழ இல்லாதிருந்தது.

முட்டைக்கோசு மிகுதியாகத் தின்னும் விலங்குகளுக்குக் கழலை வருவதையும் அவர் குன்னூரில் ஆராய்ந்தார். இது நம் மாவட்டத்திற்கு நெருங்கிய செய்தி. நமது மரச்சீனிக் கிழங்கிலும் தைராய்டுக்கு அயோடின் சேரவிடாமல் தடுக்கும் பொருள் உண்டாக வழியிருக்கிறது. கிழங்கை வேகவைத்த நீரை ஆச்சி ஏன் வடித்துக் கொட்டினார், கூடவே சாளை மீன் குழம்பு ஏன் வைத்தார் என்பதற்கு வேதியியல் விடை எனக்கு அன்றுதான் கிடைத்தது. அந்த நீரோடு நச்சுப்பொருளில் பெரும்பகுதி போகிறது. கடல்மீன் அயோடினைத் தருகிறது.

மெக்காரிசன் 1933-இல் சர் பட்டம் பெற்று, 1935-இல் ஓய்வடைந்து இங்கிலாந்து திரும்பினார். ஆக்ஸ்போர்டில் மருத்துவக் கல்விப் பணி செய்து, 1960 மே 18-இல் எண்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். அவருடைய ஓரறை ஆய்வகம் 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

நெடுவாழ்வும் தைராய்டும்

அவருக்குப் பின் ஹன்சா மக்கள் நூற்றிருபது வயது வாழ்வார்கள் என்று கதைகள் பெருகின. அங்கே அப்போது பிறப்புப் பதிவேடு இல்லை; எங்கள் ஆச்சியின் வயதைப் போல அதுவும் வீட்டுக் கணக்கே. கழலையும் அம்மலைப் பகுதியை விட்டுப் போகவில்லை.

ஆனால் நலமான முதியோரைப் பார்க்க வேண்டும் என்ற அவருடைய வழி பொய்க்கவில்லை. பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டை வேலை செய்யத் தூண்டுவதற்கு அனுப்பும் தூதுவனே டி.எஸ்.எச். நெதர்லாந்தின் லைடன் நகரில் எண்பத்தைந்து வயதானோரை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்ட முடிவின்படி, டி.எஸ்.எச். உயர்ந்திருந்தவர்கள் அதனால் தளர்ந்துவிடவில்லை; மாறாக, நீண்ட நாள் வாழும் போக்கே அவர்களிடம் தெரிந்தது. 2009-இல் அமெரிக்காவில் நூறு வயதை எட்டிய யூதர்களிடமும் அந்த அளவு இளையோரைவிட உயர்ந்திருந்தது. முதியோரின் சிறு உயர்வுக்கு மாத்திரை கொடுப்பதால் களைப்பு தீரவில்லை என்று 2017-இல் வந்த ஐரோப்பிய ஆய்வு காட்டியது. வேண்டாத தைராக்சின் இதயத் துடிப்பைக் குலைக்கும், எலும்பைத் தேய்க்கும். நான் தீர்ப்பளித்தபடி நடந்திருந்தால் ஆச்சியின் கதி என்ன? நினைத்தாலே நெஞ்சு நடுங்குகிறது. அதே சமயம் தைராக்சினே குறைந்தவர்களுக்கு மாத்திரை உயிர் காக்கும் மருந்து. அதை ஏற்கெனவே உண்பவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது. முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே.

நண்பர்களே! நம்மில் பலர் எங்கள் வீட்டைப் போன்ற வீடுகளிலிருந்து வந்தவர்கள். ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு தாளை நம்மிடம் நீட்டிவிட்டு, நம் சொல்லுக்காகக் காத்திருப்பவர்கள் அங்கே உண்டு. மெக்காரிசனும் தவறினார், ஆயினும் தாம் நம்பியதை முதலில் தம் உடலிலேயே சோதித்துப் பார்த்தார். நானோ ஆச்சியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் தீர்ப்புச் சொன்னேன்.

ஆச்சி இப்போதும் மாலையில் திண்ணையில் போர்த்தியபடி அமர்ந்து முருங்கைக்கீரை உருவுகிறார். கை மெதுவாகத்தான் அசைகிறது. அதை நோயென்று நான் இப்போது சொல்வதில்லை. அருகில் அமர்ந்து நானும் உருவுகிறேன்.