சுடரைப் பேச வைத்த சர் ஹம்ப்ரி டேவி



மலருக்குக் கட்டுரை கேட்டதும் ஒரு விஞ்ஞானியின் வரலாறு எழுதலாம்னு நினைச்சேன். யாரைப் பற்றி என்பதை மட்டும் நான் முடிவு செய்யவில்லை. டிரெயினிங் போன இடத்தில் இருந்த ஒரு குழி முடிவு செய்தது.

அங்கே புரொப்பேன் கேஸ் லைன் உண்டு. வால்வு இருக்கும் குழி மார்பளவு ஆழம். உள்ளே விழுந்த ஸ்பேனரை இறங்கி எடுக்கச் சொன்னார்கள். கேஸ் மீட்டரை வெச்சுப் பார்த்துட்டு இறங்கலாமான்னு கேட்க நினைச்சேன். மீட்டரோ பீரோவில் பேட்டரி இல்லாமல் கிடந்தது. பயந்தாங்கொள்ளின்னு சொல்வாங்களேன்னு வாயை மூடிக்கிட்டு இறங்கிட்டேன். ஒண்ணும் ஆகலை. ஆனா அன்று ராத்திரி தூக்கம் வரலை. அந்த மீட்டரின் பூர்வீகத்தைத் தேடிப் போனதில் கிடைத்தவர்தான் டேவி.

1778 டிசம்பர் 17 அன்று, இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் பென்சான்ஸ் என்ற ஊரில் பிறந்தார். நம்ம கடலூர் மாதிரி அதுவும் துறைமுக ஊர். அப்பா மரச் சிற்பி. கடனை விட்டுவிட்டு 1794-ல் கண்ணை மூடினார். ஐந்து பிள்ளைகளில் மூத்தவரான டேவி, உள்ளூர் மருத்துவர் ஒருவரிடம் தொழில் பழகப் போனார். கல்லூரிப் படிப்பே கிடையாது. வேதியியலைப் புத்தகம் பார்த்துத் தானே கற்றார்.

1798-ல் பிரிஸ்டலில் வேலை கிடைத்தது. வாயுக்களால் நோய் தீருமா என்று ஆராயும் நிலையம் அது. வாயுவைத் தயாரிப்பதும் அவரே, இழுத்துப் பார்ப்பதும் அவரே! சிரிப்பு வாயு என்னும் நைட்ரஸ் ஆக்சைடில் தப்பித்தார். கார்பன் மோனாக்சைடு கலந்த வாட்டர் கேஸை இழுத்தபோது, சில மூச்சிலேயே உயிர் ஊசலாடியது. அந்த நாளில் அவரிடம் இருந்த ஒரே அளவுகருவி அவருடைய நுரையீரல்தான். யோசித்துப் பார்த்தால், குழிக்குள் நான் பயன்படுத்தியதும் அதே கருவிதான்.

1801-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷன் அவரை அழைத்தது. 1807-ல் மின்சாரத்தால் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிரித்தார். 1812-ல் சர் பட்டம். அதே ஆண்டு நைட்ரஜன் டிரைகுளோரைடு வெடித்துக் கண்ணில் காயம். பார்த்து எழுத ஆள் தேவைப்பட, புத்தகம் பைண்டிங் செய்துகொண்டிருந்த ஓர் இளைஞன் உதவிக்கு வந்தான். அவன்தான் மைக்கேல் ஃபாரடே!

அந்த 1812 மே 25-ல்தான் வட இங்கிலாந்தின் ஃபெல்லிங் நிலக்கரிச் சுரங்கத்தில் மீத்தேன் வெடித்து 92 பேர் மாண்டார்கள். அதில் சிறுவர்களும் உண்டு. வெளிச்சத்துக்கு விளக்கு வேண்டும், விளக்கே எமன். 1815-ல் அந்தப் பகுதிப் பாதிரியார்கள் டேவியிடம் முறையிட்டார்கள். அவர் சுரங்கப் பகுதிக்கே போனார். சுரங்க வாயுவைப் பாட்டிலில் வரவழைத்து, ஃபாரடேயுடன் ஆய்வகத்தில் உட்கார்ந்தார். மெல்லிய குழாய்க்குள் தீ பாய்வதில்லை, உலோகம் சூட்டை உறிஞ்சிவிடுகிறது என்று கண்டார். முடிவில் விளக்கைச் சுற்றிக் கம்பி வலை போட்டார். சதுர அங்குலத்துக்கு 784 கண்கள்! 1816 ஜனவரியில் ஹெப்பர்ன் சுரங்கத்தில் அது தேறியது.

அந்த விளக்கு வெளிச்சம் மட்டும் தரவில்லை. மீத்தேன் கலந்தால் சுடர் நீளும், மேலே நீலத் தொப்பி தெரியும்; ஆக்சிஜன் குறைந்தால் மங்கி அணையும். சுடரே மீட்டர்! மீத்தேன் லேசானது என்பதால் விளக்கைக் கூரைப் பக்கம் உயர்த்திப் பார்த்தார்கள்.

நண்பர்கள் காப்புரிமை வாங்கச் சொன்னார்கள். ஆயிரக்கணக்கான பவுன் வரும்னு தெரிந்தும் மறுத்தார். ஆனால் அதே சமயத்தில் ஜார்ஜ் ஸ்டீபன்சனும் தனியாக ஒரு விளக்கு செய்திருந்ததை டேவி கடைசிவரை ஏற்கவில்லை. பெரிய மனிதருக்கும் சிறிய மனசு உண்டு போலும்!

விளக்கு வந்தபின் விபத்து நின்றதா? இல்லை. விளக்கு இருக்கே என்ற தைரியத்தில், கேஸ் அதிகம் என்று கைவிட்ட இடங்களையும் முதலாளிகள் திறந்தார்கள். காற்றோட்டத்தைக் கவனிக்கவில்லை. வலை துருப்பிடித்தது, கிழிந்தது. பலமான காற்றில் தீ வலையைத் தாண்டும் என்று டேவியே எச்சரித்திருந்தார். 1835-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றக் குழு, விளக்கு வந்தபின் சாவு கூடியதையே கண்டது.

இனி என் மீட்டருக்கு வருகிறேன். 1817-ல் டேவி இன்னொன்றையும் அறிவித்தார். சூடான பிளாட்டினக் கம்பியை வாயுவும் காற்றும் கலந்த கலவையில் வைத்தால், சுடரே இல்லாமல் கம்பி தகதகக்கும். இன்றைய கேட்டலிட்டிக் கேஸ் டிடெக்டரின் உள்ளே இருப்பது இதே வித்தைதான். வாயு எரிய, கம்பி சூடேற, மின்தடை மாற, முள் நகர்கிறது.

புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், குழியில்தான் தங்கும். ஆகவே மீட்டரைத் தரைமட்டம் வரை இறக்கிப் பார்க்கணும். காற்றில் 2.1 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். எட்டு மணி நேர வேலைக்கு அமெரிக்காவின் ஓஷா வைத்த சராசரி வரம்பு 1000 பிபிஎம், அதாவது 0.1 சதவீதம். மீத்தேனுக்குத் திருத்திய மீட்டர் புரொப்பேனைக் குறைத்தே காட்டும். மூக்கை நம்பலாமா? புரொப்பேனுக்குத் தன் மணம் கிடையாது. சேர்த்த மணமும் மூக்குக்குப் பழகிப்போகும்.

டேவி 1829 மே 29-ல் ஜெனீவாவில், ஐம்பதே வயதில் மறைந்தார். சுரங்க முதலாளிகள் பரிசளித்த வெள்ளிப் பாத்திரங்களை உருக்கி வந்த பணத்தில்தான் ராயல் சொசைட்டியின் டேவி பதக்கம் 1877 முதல் வழங்கப்படுகிறது.

நண்பர்களே, விளக்கு பேசும், நாம் கேட்கணும். நாளை டிப்ளமா முடித்து நாமே சூப்பர்வைசர் ஆவோம். அப்போது நம்ம குழிக்குள்ளும் ஒரு டிரெயினிங் பையன் இறங்குவான். கேட்க வெட்கப்படுவான். அவன் கேட்கும் முன்னே, மீட்டரை நாம் எடுத்து நீட்டுவோம். பேட்டரி போட்டு!