வைசூரி வீட்டுக்குள் நுழைந்தவர்



வைசூரி என்ற சொல் இன்று உங்களை அச்சுறுத்துவதில்லை. உங்கள் பாட்டியரைக் கேட்டுப் பாருங்கள். சூரமங்கலத்தில் முதியவர் சிலரின் முகத்தில் அதன் வடுக்களையும், பலருடைய கையில் அம்மை குத்திய தழும்பையும் இன்னும் காணலாம். வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் அயலார் அவ்வீட்டுப் படியேற மாட்டார்கள். 1975-க்குப் பின் நம் நாட்டில் அந்நோய் ஒருவரையும் தீண்டவில்லை. 1980-இல் உலகை விட்டே ஒழிந்ததாக அறிவித்தார்கள். ஆனால் அம்மை குத்தும் முறை 1796-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன், கையில் மருந்தில்லாத காலத்தில், அத்தகைய வீடுகளைத் தேடித் தேடி நுழைந்த ஒரு குருவானவரைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

ஜோசப் வாஸ் 1651 ஏப்ரல் 21-ஆம் நாள் கோவாவிலுள்ள பெனாலிம் என்னும் சிற்றூரில் பிறந்தார். கொங்கணி பேசும் குடும்பம். 1676-இல் குருப்பட்டம் பெற்றார். சில ஆண்டுகள் கன்னட நாட்டில் பணியாற்றினார். அவர் நெஞ்சமோ இலங்கையை நாடியது. ஒல்லாந்தர் 1658-இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபின் அங்கே கத்தோலிக்கக் குருக்களுக்கு இடமில்லை. மக்கள் இருந்தார்கள், பூசை வைக்க ஒருவருமில்லை. நம் தமிழகத்தின் வழியே கால்நடையாகத் தூத்துக்குடி வந்து சேர்ந்த வாஸ் அடிகளார், 1687-இல் கூலியாள் வேடத்தில் தோணியேறினார். உடன் வந்தவர் ஜான் என்ற ஓர் ஊழியர் மட்டுமே.

யாழ்ப்பாணத்தில் கால் வைத்ததும் கடுமையான வயிற்றுப்போக்கு அவரைக் கீழே தள்ளியது. முன்பின் தெரியாத ஒரு பெண் இரங்கிக் கஞ்சி கொடுத்துக் காப்பாற்றினாள் என்பார்கள். அவள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. பிற்காலத்தில் அவர் எத்தனையோ பேருக்குக் கஞ்சி வார்த்தபோது அவளை நினைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

எழுந்து நடமாடத் தொடங்கியதும் கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். செபமாலையைக் கண்டு யார் முகம் மலர்கிறது என்று பார்த்துப் பார்த்து மறைந்திருந்த விசுவாசிகளை அறிந்துகொண்டார். சில்லாலையைத் தம் இருப்பிடமாக்கி, இரவில் திருப்பலி நிறைவேற்றினார். தமிழும் சிங்களமும் கற்றார். 1692-இல் கண்டி அரசுக்குள் சென்றபோது போர்த்துக்கீசிய ஒற்றர் என்ற பழி சுமத்தப்பட்டுச் சிறைப்பட்டார்.

நாளடைவில் அரசன் இரண்டாம் விமலதர்மசூரியனே அவரை மதிக்கலானான். 1696-இல் மழை பொய்த்தபோது, அரசன் கேட்டுக்கொண்டபடி அவர் வெட்டவெளியில் பீடம் அமைத்துச் சிலுவையை நாட்டி முழந்தாளிட்டுச் செபித்தார் என்றும், மழை கொட்டியது என்றும் வரலாறு எழுதியவர்கள் கூறுகிறார்கள். இந்நிகழ்ச்சியைத்தான் பலரும் விரும்பிச் சொல்வார்கள். எனக்கோ மறு ஆண்டு நடந்ததே பெரிதாகப்படுகிறது.

1697-இல் கண்டி நகரில் வைசூரி பரவியது. அரசன் நகரை விட்டு அகன்றான். வசதியுள்ளவர்கள் ஓடினார்கள். நோய் கண்டவர்களைப் பெற்ற பிள்ளைகளென்றும் பாராமல் காட்டில் விட்டுச் சென்றார்கள். வாஸ் அடிகளாரும், அவருடைய உறவினரான ஜோசப் கார்வாலோ அடிகளாரும் நகரிலேயே தங்கினார்கள். ஆளில்லாமல் கிடந்த வீடுகளை மருத்துவமனையாக்கினார்கள். காட்டில் கிடந்தவர்களுக்குக் குடிசை கட்டினார்கள். கஞ்சி காய்ச்சி ஊட்டினார்கள், சீழ் வடியும் புண்களைக் கழுவினார்கள், அழுக்கடைந்த துணிகளை மாற்றினார்கள். நோயாளி பௌத்தரா, கிறிஸ்தவரா என்று பார்க்கவில்லை. பக்கத்தில் அமர்ந்து செபித்தார்கள். இறந்தவர்களைத் தம் கைகளாலேயே குழி தோண்டி அடக்கம் செய்தார்கள். ஏறக்குறைய ஓர் ஆண்டு இப்படியே சென்றது.

அவர் செபித்த அனைவரும் பிழைத்தார்களா? இல்லை, பலர் மாண்டார்கள். வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு செபமாலை சொல்லிச் சொல்லி, பலன் காணாமல் அழுத குடும்பங்கள் நம்மிடையேயும் உண்டு. அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது மழையின் கதையன்று, இந்தக் குழிகளின் கதையே. முந்திய ஆண்டு மழை கேட்டுப் பெற்றவர் என்று ஊரே அறிந்த அந்த மனிதர், இம்முறை வேண்டியும் இறந்தவர்களின் பக்கத்தில் இருந்தார். செபத்தையும் விடவில்லை, மண்வெட்டியையும் விடவில்லை. தனியே கிடந்து சாக வேண்டியவர்கள் ஒருவர் மடியில் தலைவைத்துக் கண்மூடினார்கள்.

நோய் தணிந்து திரும்பிய அரசன் நன்றி மறக்கவில்லை. தன் நாட்டில் தடையின்றி வேதம் போதிக்க விட்டான். ஆயர் பதவி பற்றிய பேச்சு எழுந்தபோது அடிகளார் அதை ஏற்கவில்லை. 1705-இல் வந்து சேர்ந்த ஜாக்கோமே கொன்சால்வஸ் அடிகளாரைத் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுத வைத்தார்.

1711 சனவரி 16-ஆம் நாள், 59-ஆம் வயதில், கண்டியில் அடிகளார் இறைவனடி சேர்ந்தார். 1995-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். 2015 சனவரி 14 அன்று கொழும்பு காலிமுகத் திடலில் திருத்தந்தை பிரான்சிஸ், வழக்கமாகக் கேட்கும் இரண்டாவது புதுமையைக் கேளாமலே அவரைப் புனிதராக அறிவித்தார்.

கண்டியில் அவரை அடக்கம் செய்த கோவில் பின்னாளில் அழிந்துபோயிற்று. எத்தனையோ பேருக்குக் குழி வெட்டிய அவருடைய கல்லறை எந்த இடத்தில் இருந்தது என்று இன்று எவராலும் காட்ட முடியவில்லை.