நேரம் காத்த பெருமகன்

மாட்டுத்தாவணி நிலையம் வருவதற்கு முன்பு, நெல்லைக்கும் குமரிக்கும் செல்லும் பேருந்துகள் நம் பழங்காநத்தத்திலிருந்தே புறப்பட்டன. அதன் அருகில் உள்ளது டி.வி.எஸ். நகர். அந்த மூன்றெழுத்துக்கு உரியவரின் வாழ்வு, நிரல் எழுதப் பழகும் நமக்கும் ஒரு பாடம்.

1877 மார்ச் 22இல் நெல்லைச் சீமையின் திருக்குறுங்குடியில் பிறந்தவர் டி. வி. சுந்தரம் அய்யங்கார். சட்டம் பயின்று வழக்கறிஞரானார்; பின்னர் ரயில்வேயிலும் வங்கியிலும் பணியாற்றினார். நிலையான சம்பளமே வாழ்வின் கரை என்று அவர் நின்றுவிடவில்லை. மாட்டு வண்டிகள் ஆண்ட சாலையில் 1912இல் பேருந்தை ஓட்டத் துணிந்தார். மதுரை அவரது தொழிலின் தாயகமாயிற்று.

பேருந்து வாங்கப் பணம் போதும். நேரத்துக்கு விட மனம் வேண்டும். அவருடைய பேருந்தைப் பார்த்து மக்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்கள் என்று பெரியவர்கள் இன்றும் சொல்வதுண்டு. அந்த ஒழுங்கின் அருமையை ஒரு சிறு கணக்கால் அறியலாம்.

ஒரு நிலையத்துக்கு நான்கு பேருந்துகள் 6.00, 6.10, 6.15, 6.22 மணிக்கு வருகின்றன. அதே வரிசையில் 6.20, 6.30, 6.35, 6.40க்குப் புறப்படுகின்றன. அவை நிற்க எத்தனை இடங்கள் வேண்டும்? வரவையும் புறப்பாட்டையும் நேர வரிசையில் அடுக்குங்கள். வந்தால் ஒன்றைக் கூட்டுங்கள். புறப்பட்டால் ஒன்றைக் கழியுங்கள். இடையில் எட்டும் உச்ச எண்ணே விடை: மூன்று. கணிப்பொறிக்கு எழுதும் நிரலும் இதுவே.

முதல் பேருந்து ஐந்தே நிமிடம் தாமதித்து 6.25க்குப் புறப்படட்டும். 6.22க்கு வரும் பேருந்துக்கு இடமில்லை! நான்காவது இடம் கட்ட வேண்டும். இல்லையேல் அது சாலையில் காத்து நிற்க வேண்டும். ஒருவரின் ஐந்து நிமிடம் ஊராரின் இடத்தை விழுங்குகிறது. நேரம் தவறாமை என்பது செலவில்லாமல் கட்டிய நிலையம் அன்றோ!

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் அரிதானபோதும் அவர் சோர்ந்துவிடவில்லை. கரியிலிருந்து எரிவாயு உண்டாக்கும் கருவியைச் செய்வித்து வண்டிகளை ஓடவைத்தார். 1955 ஏப்ரல் 28இல் மறைந்தார்.

குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய நம்மில் பலர், விடியற்காலைப் பேருந்தை நம்பியே வருகிறோம். அது தவறினால் ஒரு வகுப்பு போகும். நம் பெற்றோருக்கோ அன்றைய கூலியே போகும். நாளை நாம் எந்தப் பொறுப்பில் அமர்ந்தாலும், நமக்குப் பின்னால் ஒருவர் இடத்துக்காகக் காத்திருக்கிறார் என்பதை மறவாதிருப்போம்!