இந்தியராக மறைந்த ஹால்டேன்

நல்லது நிலைக்கும், தீயது அழியும் என்பதே பரிணாமக் கொள்கை என்று நாம் எளிதாக எண்ணிக்கொள்கிறோம். அப்படியானால், குழந்தைகளின் உயிரைப் பறிக்கும் சில இரத்த நோய்கள் மட்டும் பரம்பரை பரம்பரையாக அழியாமல் தொடர்வது ஏன்? இதற்கு விடை காண வழிகாட்டியவர் ஜே. பி. எஸ். ஹால்டேன் என்னும் பேரறிஞர்.

இவர் 1892-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரில் பிறந்தார். தந்தையார் ஜான் ஸ்காட் ஹால்டேன், சுரங்கங்களில் தங்கும் நச்சு வாயுக்களை ஆராய்ந்தவர். சிறுவனான மகனையும் சுரங்கத்திற்குள் அழைத்துச் சென்று, நின்றபடி ஷேக்ஸ்பியர் நாடகத்தின் நீண்ட வசனம் ஒன்றை ஒப்பிக்கச் சொன்னாராம். பாதியிலேயே மூச்சுத் திணறிச் சிறுவன் சாய்ந்தான். தரையில் கிடந்தபோது மூச்சு சீரானது. மீத்தேன் காற்றைவிட இலேசானது, மேலேதான் தங்கும் என்ற பாடத்தை அவன் அவ்வாறு கற்றான். (எந்தத் தாய் இதற்குச் சம்மதித்திருப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை!)

வியப்பு என்னவென்றால், ஹால்டேன் விஞ்ஞானத்தில் பட்டம் பெற்றவரே அல்லர். இலக்கியமும் தத்துவமும் பயின்றவர். முதல் உலகப் போரில் காயமுற்று, ஓய்வுக்காக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டபோதே இந்நாட்டின் மீது பற்றுக் கொண்டார். பின்னர் கேம்பிரிட்ஜில் நொதிகளைப் பற்றி ஆராய்ந்தார். 1924 முதல், இயற்கைத் தேர்வு எவ்வளவு விரைவில் வேலை செய்யும் என்பதைக் கணக்குப் போட்டே காட்டினார். மான்செஸ்டர் பகுதியில் ஆலைப் புகையால் மரங்கள் கறுத்தன. கறுப்பு அந்துப்பூச்சிகளும் ஐம்பது ஆண்டுகளில் பெருகிவிட்டன. வெள்ளைப் பூச்சி இரண்டு பிழைத்தால் கறுப்பு மூன்று பிழைத்திருக்க வேண்டும் என்பது அவர் கண்ட விடை. கணிதம் கசக்கிறது என்போர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

இனி இரத்தத்திற்கு வருவோம். மத்தியதரைக் கடல் நாடுகளில் தலசீமியா என்னும் பரம்பரைச் சோகை மிகுதி. புதிது புதிதாக மரபணு மாறுவதே காரணம் என்று சிலர் கருதினர். ஹால்டேன் அதை ஏற்கவில்லை. தாய், தந்தை ஒருவரிடமிருந்து மட்டும் மாறிய மரபணுவைப் பெற்றவரின் இரத்தம் மலேரியாக் கிருமிக்கு ஒத்துவராது, ஆகவே மலேரியா பரவிய ஊர்களில் அவரே பிழைப்பார் என்றார். இதை 1949-இல் அச்சிலும் வெளியிட்டார்.

1954-இல் அந்தோணி அலிசன் என்னும் மருத்துவர், கிழக்கு ஆப்பிரிக்காவில் அரிவாள் அணுச் சோகைக்கு இது பொருந்தும் என்று கண்டார். நம் தமிழ்நாட்டிலும் சான்று உண்டு. நீலகிரியின் பழங்குடி மக்களிடையே இதே அரிவாள் அணு இருப்பதை 1952-இல் லேமன், கட்புஷ் என்னும் இருவர் அறிவித்தனர். இதற்கு அடிப்படை எவ்வளவு சிறியது தெரியுமா? ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் உள்ளன. அவற்றுள் ஆறாவது மட்டும் மாறிவிடுகிறது! குளுடாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலின் வந்து அமர்கிறது. இதனை 1957-இல் கேம்பிரிட்ஜில் வெர்னான் இங்கிராம் கண்டறிந்தார். அந்த ஒரு மாற்றத்தால், பிராணவாயு குறையும்போது மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீள, வட்டமான சிவப்பணு அரிவாளாக வளைகிறது.

மாறிய மரபணு ஒன்றே உடையவர் பெரும்பாலும் நலமாக வாழ்வார், கொடிய மலேரியாவிலிருந்தும் பெரிதும் தப்புவார். அத்தகைய இருவர் மணந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அண்ணனைக் காத்ததே தம்பியை வாட்டுகிறது. எங்கள் அம்பத்தூர், ஆவடிப் பக்கம் கொசுவைத் திட்டாத வீடில்லை. மனித இரத்தத்தையே மாற்றியமைத்ததில் அதற்கும் பங்குண்டு என்றால் நம்பத்தான் வேண்டியிருக்கிறது. மலேரியா குறைந்த பின்னும் நோய் மட்டும் மலைவாழ் குடும்பங்களில் தங்கிவிட்டது. 2023-இல் இந்திய அரசு இதனை ஒழிக்கத் தேசிய இயக்கம் தொடங்கியது.

ஹால்டேனிடம் குறையும் உண்டு. கம்யூனிஸ்டுக் கட்சியின் மீது கொண்ட பற்றினால், மரபியலை மறுத்த சோவியத் நாட்டு லைசென்கோவை உடனே கண்டிக்காமல் இருந்தார். அறிந்தவர் மௌனம் காத்தது எனக்கு வருத்தமே.

சூயஸ் மீது பிரிட்டன் படையெடுத்ததை வெறுத்து, 1957-இல் மனைவி ஹெலன் ஸ்பர்வேயுடன் கல்கத்தாவுக்கு வந்து இந்தியப் புள்ளியியல் கழகத்தில் சேர்ந்தார். இந்திய உடை உடுத்தார், புலால் உண்பதை விட்டார், இந்தியக் குடியுரிமையும் பெற்றார். விலையுயர்ந்த கருவிகள் இல்லையே என்று அவருடைய மாணவர்கள் ஏங்கவில்லை. பவழமல்லிப் பூவின் இதழ்களை எண்ணினர், ஆட்காட்டிக் குருவியின் கூட்டைக் கவனித்தனர். அவையே ஆராய்ச்சிக் கட்டுரைகளாயின.

1962-இல் புவனேசுவரம் சென்று அங்கு மரபியல் ஆய்வுக்கூடம் அமைத்தார். புற்றுநோய் கண்டபோதும் அதைப் பற்றி வேடிக்கையாக ஒரு கவிதை எழுதினார். 1964 டிசம்பர் முதல் நாள் காலமானார். அவர் விருப்பப்படியே அவருடைய உடல் ஆந்திர மாநிலம் காக்கிநாடாவில் உள்ள ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு, மாணவர் பயில்வதற்காக அனுப்பி வைக்கப்பட்டது.