ழெரோம் லெஜூன்: பழி நீக்கிய ஆய்வும் தீராத சர்ச்சையும்

மனவளர்ச்சி குன்றிய குழந்தை பிறந்தால், அதற்குப் பெற்றோரின் மதுப்பழக்கமோ பால்வினை நோயோ காரணமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பாவில் நிலவியது. அப்பழியை அகற்றிய ஆய்வுடன் இணைத்துப் பேசப்படும் பெயர், பிரெஞ்சு மருத்துவரும் மரபியலாளருமான ழெரோம் லெஜூனுடையது.

1926இல் பாரிஸை அடுத்த மோன்ரூழில் பிறந்த அவர், 1950களில் பேராசிரியர் ரேமோன் துர்ப்பனின் ஆய்வுக் குழுவில் சேர்ந்தார். மனித உயிரணுவில் 46 குரோமோசோம்கள் உள்ளன என்பது 1956இல்தான் உறுதிசெய்யப்பட்டிருந்தது. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளிடம் 47 குரோமோசோம்கள் காணப்படுவதை, லெஜூன், மார்த் கோத்தியே, துர்ப்பன் ஆகிய மூவரும் 1959 ஜனவரியில் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் வாயிலாக அறிவித்தனர்.

மனிதரின் அறிவுத்திறன் குறைபாடு ஒன்று குரோமோசோம் மாற்றத்துடன் தொடர்புபடுத்தப்பட்டது அதுவே முதல் முறை. பெரும்பாலான குழந்தைகளில் இம்மாற்றம் கருவணுக்கள் உருவாகும்போது தற்செயலாக நேர்வது என்பதும், பெற்றோரின் நடத்தைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பதும் பின்னர் தெளிவாயின.

1963இல் லெஜூனும் சக ஆய்வாளர்களும் மூன்று குழந்தைகளை ஆராய்ந்து, அரிய கோளாறு ஒன்றை விவரித்தனர். பூனைக்குட்டியின் குரலை ஒத்த அழுகையால் பெயர்பெற்ற அக்கோளாறுக்கு, ஐந்தாம் குரோமோசோமின் ஒரு பகுதி இல்லாமற்போவதே காரணம்.

பாரிஸ் நெக்கர் மருத்துவமனையில் லெஜூன் இத்தகைய குழந்தைகளையும் அவர்களது குடும்பத்தினரையும் நீண்டகாலம் சந்தித்துவந்தார். நோயின் பெயரை மட்டும் கூறி அனுப்பாமல், சிகிச்சை ஒன்றைக் கண்டறிய வேண்டும் என்பதே அவரது நோக்கமாக இருந்தது. ஆனால் அவர் வாழ்நாளில் அது கைகூடவில்லை.

மாறாக, குரோமோசோம் ஆய்வு கருவிலேயே குறைபாட்டைக் கண்டறியும் வழியைத் திறந்தது. பல பெற்றோர் கருக்கலைப்பைத் தேர்ந்தனர். தீவிர கத்தோலிக்கரான லெஜூன் 1969 முதல் இதை வெளிப்படையாக எதிர்த்தார். பிரான்ஸில் 1975இல் கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கிய சட்டத்தையும் அவர் எதிர்த்தார். பெண்களின் உரிமையை வலியுறுத்தியவர்கள் அவரைக் கடுமையாக விமர்சித்தனர்.

1994 ஏப்ரலில் அவர் காலமான பின்னரும் சர்ச்சை ஓயவில்லை. உயிரணு வளர்ப்பு ஆய்வகத்தை அமைத்ததும், கூடுதல் குரோமோசோமை வெளிப்படுத்திய மாதிரிகளைத் தயாரித்ததும் தாமே என்று 2009இல் கோத்தியே எழுதினார். கண்டுபிடிப்பில் லெஜூனின் பங்கு முதன்மையானதாக இருந்திருக்க வாய்ப்பில்லை என 2014இல் பிரான்ஸின் தேசிய மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் நெறிமுறைக் குழு கருத்துத் தெரிவித்தது. லெஜூனின் பெயரிலான அறக்கட்டளை இதை ஏற்கவில்லை. கோத்தியே 2022இல் காலமானார்.

கண்டுபிடிப்பின் பெருமை யாருக்கு உரியது என்ற விவாதம் ஆய்வாளர்களுக்கிடையே தொடரலாம். குழந்தையின் நிலைக்குத் தாங்கள் குற்றவாளிகள் அல்லர் என்று அறிந்த பெற்றோருக்கோ, அந்த 1959ஆம் ஆண்டு ஆய்வு வேறொரு வகையில் முக்கியமானது. அக்குழந்தைகளை வளர்ப்பதில் சமூகம் எந்த அளவுக்குத் துணைநிற்கும் என்பதை மட்டும் எந்த ஆய்வுக்கூடமும் தீர்மானித்துவிட முடியாது.