பசியறிந்த தாய்

மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டில், கங்காமூலம் என்னும் இடத்தில், 1858 ஏப்ரல் 23 அன்று ரமாபாய் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி டோங்கரே சிறந்த வடமொழிப் பண்டிதர். பெண்களுக்குச் சமஸ்கிருதம் கற்பிக்கலாகாது என்று பலரும் எதிர்த்தபோதும், அவர் தம் மனைவி லட்சுமிபாய்க்கு அதைக் கற்பித்தார். அந்தத் தாயிடமே ரமாபாய் புராணங்களை மனப்பாடமாகக் கற்றார்.

திருத்தலம்தோறும் நடந்து, புராணம் வாசித்து வாழ்ந்தது அக்குடும்பம். 1870களில் தென்னாட்டைப் பஞ்சம் வாட்டியது. கையிருப்பு முழுவதும் கரைந்தது. காட்டில் கிடைத்த இலைகளே உணவாயின. ரமாபாய்க்கு 16 வயதானபோது தந்தை மறைந்தார். சில வாரங்களில் தாயும் கண்மூடினார். பின்னர் தமக்கையும் மறைந்தார். எஞ்சிய அண்ணனும் தங்கையும் ஏறத்தாழ 6,000 கிலோமீட்டர் கால்நடையாக அலைந்தனர். வடக்கின் கடுங்குளிரில் போர்த்திக்கொள்ளத் துணியின்றி, ஆற்றங்கரையில் குழி தோண்டி, கழுத்துவரை மணலால் மூடிக்கொண்டு இரவைக் கழித்ததும் உண்டு.

1878இல் கல்கத்தா சென்ற ரமாபாயின் புலமையைக் கண்டு வியந்த அறிஞர்கள், பண்டிதா, சரஸ்வதி என்னும் பட்டங்களை வழங்கினர். புகழ் வந்தும் துயரம் விடவில்லை. 1880இல் அண்ணன் இறந்தார். அதே ஆண்டில் வங்காள வழக்கறிஞர் பிபின் பிஹாரி மேத்வியை மணந்தார்; 1881இல் மகள் மனோரமா பிறந்தாள். 1882 பிப்ரவரியில் காலரா கணவரைக் கொண்டுபோயிற்று. கைக்குழந்தையுடன் விதவையானபோது ரமாபாய்க்கு வயது 23.

கணவரின் இல்லத்தில் அவர் கண்டெடுத்த லூக்கா நற்செய்தி நூல் ஏற்கெனவே அவர் உள்ளத்தைத் தொட்டிருந்தது. 1883இல் மருத்துவம் பயிலும் ஆவலுடன் இங்கிலாந்து சென்றார். செவித்திறன் குன்றியதால் அந்தக் கதவும் அடைபட்டது. ஆயினும், சமுதாயம் ஒதுக்கிய பெண்களை அங்குள்ள கிறிஸ்தவக் கன்னியர் அன்போடு பேணுவதை நேரில் கண்டார். சமாரியப் பெண்ணிடம் இயேசு உரையாடிய நிகழ்ச்சி அவரை ஆட்கொண்டது. அவ்வாண்டு செப்டம்பரில் மகளுடன் திருமுழுக்குப் பெற்றார்.

அமெரிக்க நண்பர்களின் உதவியுடன் தாயகம் திரும்பி, 1889 மார்ச் 11 அன்று பம்பாயில் விதவைகளுக்காகச் சாரதா சதன் என்னும் இல்லத்தைத் திறந்தார். மறு ஆண்டே அது பூனாவுக்கு மாறியது. மதமாற்ற ஐயத்தால் எதிர்ப்பு மூண்டபோது, பல பெற்றோர் தம் மகளிரை அழைத்துச் சென்றனர். நண்பர்கள் விலகிய அந்நாட்களிலும் அவர் ஆண்டவரையே பற்றி நின்றார்.

1896இல் மத்திய மாகாணங்களைப் பஞ்சம் சூழ்ந்த செய்தி வந்தது. பசியின் கொடுமையை நூலில் படித்து அறிந்தவரல்லர் ரமாபாய்; அதன் வாய்க்குள் கிடந்து மீண்டவர். உடனே புறப்பட்டார். எலும்பும் தோலுமாய்த் தெருவில் கிடந்த சிறுமியரிடம் தம் பழைய முகத்தைக் கண்டார். சுமார் 300 பெண்களை மீட்டுவந்தார். பூனாவில் பிளேக் நோய் பரவியிருந்ததால், பழத்தோட்டத்துக்கென வாங்கியிருந்த கேட்காவ் நிலத்தில் அவர்களைத் தங்கவைத்தார். அதுவே முக்தி இல்லமாக வளர்ந்தது. 1900ஆம் ஆண்டு குஜராத் பஞ்சத்திற்குப் பின் அங்கு வாழ்ந்தோர் 2,000 பேரை நெருங்கினர். நெசவு, அச்சுத்தொழில், வேளாண்மை எனப் பல தொழில்கள் கற்பிக்கப்பட்டன. பார்வையற்றோரும் பிரெயில் முறையில் படித்தனர்.

தம் இறுதி ஆண்டுகளை வேதாகமத்தை எளிய மராத்தியில் பெயர்ப்பதற்கு ஈந்தார். அதற்காக எபிரேயமும் கிரேக்கமும் கற்றார். இல்லத்துப் பெண்களே அச்சுக் கோத்தனர். 1921இல், பணியில் வலக்கரமாயிருந்த மகள் மனோரமா மறைந்தார். முதுமையில் வந்த அந்த இடியையும் ஆண்டவரின் பாதத்தில் வைத்துவிட்டுத் தம் வேலையைத் தொடர்ந்தார். மொழிபெயர்ப்பை முடித்தபின், 1922 ஏப்ரல் 5 அன்று ஆண்டவருக்குள் நித்திரையடைந்தார்.

துன்பம் ரமாபாயை விட்டு ஒருநாளும் அகலவில்லை. அவர் இழந்த உறவுகளும் திரும்பவில்லை. ஆனால் தாம் பசித்த நாட்களை அவர் மறக்க முயலவில்லை. அவற்றைக் கிறிஸ்துவின் கரத்தில் கொடுத்தார். அந்நினைவே ஆயிரக்கணக்கானோர்க்கு அப்பமாயிற்று. நாம் கடந்துவந்த கண்ணீரும் யாருக்கோ வழிகாட்டக் காத்திருக்கலாம். அதை ஆண்டவரிடம் ஒப்புக்கொடுப்போமா?