காரன்வாலிஸ் பிரபு: யார்க்டவுனிலிருந்து பெங்களூர் வரை

வைட்ஃபீல்டில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பத்தாருட் பலர், பண்டிகைக் காலங்களில் பழைய சென்னைச் சாலை வழியே ஹொஸ்கோட்டை, கோலார், முள்பாகல், பலமனேர் ஆகிய ஊர்களைக் கடந்து வேலூர்ப் பக்கம் செல்வது வழக்கம். இதே வழியில், எதிர்த் திசையில், 1791ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஒரு பெரும்படை வந்தது. வேலூரிலிருந்து புறப்பட்ட அப்படை ஆம்பூர்க் கணவாய் வழியே ஏறுவதுபோலப் போக்குக்காட்டித் திப்பு சுல்தானை ஏமாற்றிவிட்டு, வடக்கே திரும்பி முக்ளிக் கணவாய் ஏறி மைசூர் மேட்டு நிலத்தை அடைந்தது. கோலாரும் ஹொஸ்கோட்டையும் எதிர்ப்பின்றி வீழ்ந்தன. மார்ச் 5ஆம் நாள் பெங்களூர்க் கோட்டையின் முன் கூடாரங்கள் எழுந்தன. அப்படையின் தலைவர் பத்தாண்டுகளுக்கு முன் மற்றொரு கண்டத்தில் தம் வாளை இழந்தவர். அமெரிக்கரிடம் தோற்ற அப்பெருமகன் நம் வாசற்படிக்கு வந்த கதையே இக்கட்டுரை.

சார்லஸ் காரன்வாலிஸ் 1738ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் இலண்டனில் பிரபுக் குடும்பமொன்றில் பிறந்தார். ஈட்டன் பள்ளியில் பயிலும்போது விளையாட்டில் பட்ட அடியால் ஒரு கண் பழுதுற்றது. இளமையிலேயே படையிற் சேர்ந்தார். 1762இல் தந்தையார் மறைய, பிரபுக்கள் சபையில் இடம்பெற்றார். அங்கே அவர் செய்த முதற் காரியங்களுள் ஒன்று வியப்புக்குரியது. அமெரிக்கக் குடியேற்றங்கள்மீது எவ்வகைச் சட்டமும் இயற்றத் தனக்கு உரிமையுண்டு என்று பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1766இல் பிரகடனம் செய்தபோது, அதனை எதிர்த்து வாக்களித்த ஐந்தே பிரபுக்களுள் அவரும் ஒருவர். ஆயினும் போர் மூண்டபோது அரசரின் ஆணைக்குக் கட்டுப்பட்டு, அதே அமெரிக்கர்மீது படை நடத்தினார். மனச்சான்று ஒருபுறமும் கடமை மறுபுறமும் இழுக்க, கடமையின் பக்கமே சாய்வது அவருடைய வாழ்நாள் இயல்பு. அதனைக் குணமென்பதா குறையென்பதா என்பது அவரவர் நோக்கைப் பொறுத்தது.

1779இல் அன்பு மனைவி மறைந்தார். துயரத்தை மறக்கப் போர்க்களமே புகல் என்று மீண்டும் கடல் கடந்தார். 1780 ஆகஸ்டில் காம்டன் என்னுமிடத்தில் அமெரிக்கப் படையை முறியடித்தார். அடுத்த ஆண்டு வர்ஜீனியாவுக்குள் நுழைந்தார். அந்நாளில் வர்ஜீனியாவின் ஆளுநராக இருந்தவர் தாமஸ் ஜெபர்ஸன். 1781 ஜூனில் காரன்வாலிஸின் குதிரைப்படை ஜெபர்ஸனின் மலைவீட்டையே சென்றடைந்தது. சிறிது நேர இடைவெளியில் அவர் தப்பினார். அவருடைய மற்றொரு பண்ணையில் காரன்வாலிஸே தங்கினார். பயிரும் வேலியும் எரிந்தன. அன்று தப்பியோடிய அம்மனிதர் பின்னாளில் அமெரிக்காவின் பரப்பை ஏறத்தாழ இருமடங்காக்குவார் என்பதை யார் அறிந்திருக்க முடியும்!

யார்க்டவுன் என்னும் துறைமுகச் சிற்றூரில், தம் கடற்படை வந்து காக்கும் என்ற நம்பிக்கையில் அவர் முகாமிட்டார். வந்தது பிரெஞ்சுக் கடற்படை. நிலத்தில் ஜார்ஜ் வாஷிங்டனும் பிரெஞ்சுத் தளபதியும் சூழ்ந்தனர். அம்முற்றுகையில் நிகழ்ந்த ஒன்றை ஆங்கில வரலாற்று நூல்கள் நெடுங்காலம் விரைந்து கடந்து சென்றன. அடிமைத் தளையிலிருந்து விடுதலை கிடைக்கும் என்று நம்பி ஆயிரக்கணக்கான கறுப்பின மக்கள் பண்ணைகளை விட்டு அவர் படையின் பின்னே வந்திருந்தனர். அகழி வெட்டியவர்களும் அரண் எழுப்பியவர்களும் அவர்களே. உணவு குறைந்து பெரியம்மையும் பரவியபோது, அவர்களுட் பலர் முகாமிலிருந்து துரத்தப்பட்டனர். இரு படைகளுக்கும் இடையே காடுகளில் அவர்கள் மாண்டனர். 1781 அக்டோபர் 19ஆம் நாள் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட வீரருடன் காரன்வாலிஸ் சரணடைந்தார். உடல் நலமில்லை என்று கூறி, சரண் விழாவுக்குத் தாம் வராமல் துணைத் தளபதியை அனுப்பினார்.

கைதியாகிய அவருக்கு மாற்றாக விடுவிக்கப்பட்டவர் அமெரிக்கக் காங்கிரஸின் முன்னாள் தலைவர் ஹென்றி லாரன்ஸ். லாரன்ஸ் அடைபட்டிருந்தது இலண்டன் கோபுரச் சிறையில். அக்கோபுரத்தின் காவலதிகாரி என்னும் பட்டம் பூண்டிருந்தவரோ காரன்வாலிஸ்! யார்க்டவுனில் சரண் நிபந்தனைகளை வகுத்த அமெரிக்கப் பிரதிநிதிகளுள் ஒருவர் லாரன்ஸின் மைந்தர். நாடகாசிரியர் ஒருவர் இவ்வாறு எழுதினால் நாம் நம்ப மறுப்போம்.

அதே 1781இல் இங்கே ஹைதர் அலி கர்நாடக சமவெளியில் ஆங்கிலேயரோடு பொருதுகொண்டிருந்தார். பரங்கிப்பேட்டைப் போர் அவ்வாண்டு ஜூலையில் நிகழ்ந்தது. ஹைதரின் புகழ் அமெரிக்கத் துறைமுகங்கள் வரை எட்டியிருந்தது. பென்சில்வேனியா மாநிலத்தார் தம் போர்க்கப்பல் ஒன்றுக்கு அவர் பெயரையே சூட்டினர். அக்கப்பல் 1782 ஏப்ரலில் டெலவேர் வளைகுடாவில் ஓர் ஆங்கிலக் கப்பலைப் பிடித்தது.

தோற்ற தளபதியை இங்கிலாந்து ஒதுக்கவில்லை. 1786இல் அவரைக் கவர்னர் ஜெனரலாகவும் படைத்தலைவராகவும் கல்கத்தாவுக்கு அனுப்பியது. 1789 டிசம்பரில் திப்பு சுல்தான் திருவிதாங்கூரின் எல்லை அரணைத் தாக்கியதும் போர் மூண்டது. கோயம்புத்தூர்ப் பகுதியில் தொடங்கிய முதற் படையெடுப்பு பயன் தராமற்போகவே, காரன்வாலிஸ் தாமே சென்னைக்கு வந்து தலைமை ஏற்றார்.

பெங்களூர்ப் பேட்டை மார்ச் 7இல் வீழ்ந்தது. தெருக்களில் கடும் போர் நடந்தது; வணிகர் வீடுகள் சூறையாடப்பட்டன. கோட்டை பதினான்கு நாள் தாங்கியது. மார்ச் 21ஆம் நாள் இரவு, நிலவொளியில், பீரங்கி பிளந்த மதில் வழியே ஆங்கிலப் படை ஏறியது. கோட்டைத் தலைவர் பகதூர் கான் என்னும் முதியவர் இறுதிவரை நின்று பொருது மாண்டார். அவ்வுடைப்பு இருந்த இடத்தைக் குறிக்கும் கல்லை, கிருஷ்ணராஜேந்திர சாலையில் கோட்டையின் டில்லி வாயிலருகே செல்லும் அன்பர்கள் காணலாம். மாண்ட ஆங்கிலப் படையினருக்காக மாநகராட்சி அலுவலகத்துக்கு அருகே எழுப்பப்பட்டிருந்த நினைவுத் தூண் 1964இல் அகற்றப்பட்டது.

பெங்களூரை வென்றவர் மேற்கொண்டு ஸ்ரீரங்கப்பட்டணம் வரை சென்றார். ஆனால் திப்பு வழியிலிருந்த தீவனத்தை அழித்திருந்தார். மழையும் பிடித்துக்கொண்டது. பொதிமாடுகள் ஆயிரக்கணக்கில் செத்தன. வண்டிகளை வீரர்களே இழுக்க நேர்ந்தது. 1791 மே மாதத்தில், அரகெரேயில் வெற்றி பெற்ற பின்னும், முற்றுகைப் பீரங்கிகளைத் தம் கையாலேயே பழுதாக்கிவிட்டுத் திரும்பினார். யார்க்டவுன் நினைவு அவரை எவ்வாறு வருத்தியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். இம்முறை அவர் பாடம் கற்றிருந்தார். லம்பாடிகளிடம் தானியம் சேர்த்தார். வழித்துணைக் கோட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்தார். அவற்றுள் நந்தி மலைக் கோட்டை வீழ்ந்த நாள் அக்டோபர் 19. யார்க்டவுன் சரணுக்குச் சரியாகப் பத்தாண்டு!

1792 பிப்ரவரியில் ஸ்ரீரங்கப்பட்டணம் முற்றுகையிடப்பட்டது. திப்பு தம் நாட்டில் பாதியையும் 3 கோடியே 30 இலட்சம் ரூபாயையும் தர இசைந்தார். பிணையாக அவருடைய இரு மைந்தர், ஏறத்தாழ பத்தும் எட்டும் வயதுடைய சிறுவர், காரன்வாலிஸின் கூடாரத்துக்கு யானைமீது அனுப்பப்பட்டனர். அவர் அவர்களைத் தந்தைபோல் அணைத்து வரவேற்றார் என்று அக்காலத்து ஓவியர்கள் பலர் தீட்டி மகிழ்ந்தனர். அச்சிறுவர்கள் சென்னையில் வைக்கப்பட்டு, 1794இல் தேவனஹள்ளியில் தந்தையிடம் ஒப்படைக்கப்பட்டனர்.

அவ்வுடன்படிக்கையால்தான் சேலமும், கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர் அடங்கிய பாராமகாலும், திண்டுக்கல்லும் கம்பெனியின் ஆட்சிக்கு வந்தன. கோயம்புத்தூரோ 1799 வரை மைசூரோடு இருந்தது. நம் சங்க உறுப்பினருட் பலரின் பூர்வீக ஊர்கள் எந்த ஆண்டு எந்தக் கொடியின் கீழ் வந்தன என்பது ஒரு கூடாரத்தில் முடிவான செய்தி.

ஆட்சித்துறையில் அவர் செய்தவை பல. கம்பெனி ஊழியர்களின் கையூட்டை ஒடுக்கினார்; சம்பளத்தை உயர்த்தினார். போரில் கிடைத்த கொள்ளைப் பணத்தில் தம் பங்கைப் படையினருக்கே விட்டுக்கொடுத்தார். இவை பாராட்டத்தக்கன. ஆயினும், 1793இல் வங்காளத்தில் அவர் நிலைநிறுத்திய ஜமீன்தாரி முறை உழவரை நிலக்கிழார் கையில் ஒப்படைத்தது. உயர் பதவிகளை இந்தியருக்கு எட்டாதனவாக்கினார். ஐரோப்பியத் தந்தைக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்தோர் கம்பெனிப் பணிகளில் அமரலாகாது என்ற கட்டளையை 1791இல் இலண்டன் இயக்குநர்கள் விடுத்ததும் அவர் ஆட்சிக் காலத்திலேயே. இது நம் ஊரோடு நெருங்கிய தொடர்புடையது. அச்சமூகம் தலைமுறை தலைமுறையாக வேலைக்கு அலைந்ததன் விளைவாகவே, சென்னையைச் சேர்ந்த டி. எஸ். ஒயிட் என்பார் அவர்களுக்கெனச் சங்கம் கண்டு, நிலத்தில் உழைத்து வாழட்டும் என்று திட்டமிட்டார். மைசூர் மகாராஜா சாமராஜ உடையார் 1882இல் 3,900 ஏக்கர் நிலம் வழங்கினார். அக்குடியேற்றமே ஒயிட்டின் பெயரால் வைட்ஃபீல்ட் ஆயிற்று.

பின்னர் காரன்வாலிஸ் அயர்லாந்தை ஆண்டார். 1802 மார்ச்சில் பிரான்சோடு ஆமியன் சமாதானத்தில் இங்கிலாந்தின் சார்பில் கையொப்பமிட்டவரும் அவரே. டச்சுக்காரரிடமிருந்த இலங்கைக் கரையோரங்கள், யாழ்ப்பாணம் உட்பட, ஆங்கிலேயருக்கு உறுதிப்பட்டது அவ்வுடன்படிக்கையால். அதன் நிழலில் நெப்போலியன் அமெரிக்காவில் பிரெஞ்சுப் பேரரசை மீட்க முயன்றான். ஹெய்ட்டித் தீவில் விடுதலை கேட்டெழுந்த கறுப்பின மக்களும் மஞ்சள் காய்ச்சலும் அவன் படையை அழித்தன. இங்கிலாந்தோடு மறுபடியும் போர் நெருங்கவே, லூசியானா என்னும் பெருநிலத்தை, 8 இலட்சத்துக்கும் மேற்பட்ட சதுர மைலை, 1803இல் ஒன்றரைக் கோடி டாலருக்கு விற்றுவிட்டான். வாங்கியவர் குடியரசுத் தலைவர் ஜெபர்ஸன். அரசியல் சட்டம் இதற்கு இடந்தருமா என்று அவருக்கே ஐயமிருந்தது, ஆயினும் வாங்கினார். அந்நிலத்தில் காலங்காலமாக வாழ்ந்த செவ்விந்தியரை எவரும் கேட்கவில்லை.

அதே ஆண்டுகளில் இந்தியாவில் வெல்லெஸ்லி பிரபு மைசூர், தஞ்சை, கர்நாடகம் என ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தார். 1799இல் திப்பு வீழ்ந்தபின் அவர் குடும்பம் வேலூர்க் கோட்டையில் அடைக்கப்பட்டது; பிணையாயிருந்த மைந்தரும் அங்கேயே. போர்ச் செலவால் கடன் பெருகக் கண்ட கம்பெனியார் கலங்கி, வெல்லெஸ்லியைத் திரும்ப அழைத்து, அறுபத்தாறு வயதுக் கிழவராகிய காரன்வாலிஸை மீண்டும் அனுப்பினர். 1805 ஜூலையில் கல்கத்தா வந்தவர், பிடித்த நிலங்களிற் சிலவற்றையேனும் திருப்பிக் கொடுத்து மராட்டியரோடு சமாதானம் செய்ய எண்ணிப் படகேறிக் கங்கை வழியே மேற்கு நோக்கிச் சென்றார். உடல் இடந்தரவில்லை. அக்டோபர் 5ஆம் நாள் காசிப்பூரில் உயிர் நீத்தார். அவர் சமாதி அங்கே ஆற்றங்கரையில் உள்ளது.

சென்னைத் தேனாம்பேட்டைப் பக்கம் செனொடாப் சாலை என்று ஒன்றுண்டு. அப்பெயர் அங்கே முன்பிருந்த அவருடைய நினைவு மண்டபத்தால் வந்தது. பாங்க்ஸ் என்னும் சிற்பி செதுக்கிய அவருடைய பளிங்குச் சிலை, பல இடங்கள் மாறி, இன்று கோட்டை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதன் பீடத்தில், தந்தையைப் பிரிந்து கைபிடித்து ஒப்படைக்கப்படும் அவ்விரு சிறுவரின் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன.